நாற்பது கிராம் மிச்சம்



சென்ற மாதம் பெற்றோர் சந்திப்பு முடிந்து வகுப்பறையைப் பூட்டும் நேரத்தில், ஒரு மாணவனின் தாயார் தயங்கியபடி வந்து நின்றார். மகனின் கட்டுரைப் பயிற்சியைப் பற்றித்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு முடிந்ததும் மகனுக்கு மிதிவண்டி தருவதாக வாக்களித்திருக்கிறார்களாம். உறவினர் கொடுத்த வண்டி ஒன்று வீட்டில் இருக்கிறது. சக்கரங்களை மட்டும் புதிதாகக் கட்டினால் போதும். கடைக்காரர், நிப்பிள் பித்தளையில் வேண்டுமா, அலுமினியத்தில் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். அலுமினியம் எடை குறைவு. சிவப்பு, நீலம், பொன்னிறம் எனப் பல வண்ணங்களில் கிடைக்கும். விலை சற்றுக் கூடுதல்.

"நீங்கள்தான் சைக்கிளில் பள்ளிக்கு வருகிறீர்களே டீச்சர், எது நல்லது?" என்றார்.

"பித்தளையே போதும்" என்றேன்.

அவர் முகத்தில் சிறு ஏமாற்றம் தெரிந்தது. செலவைக் குறைக்கச் சொல்கிறேன் என்று எண்ணியிருக்கலாம். அன்று விளக்க நேரமில்லை. ஆகவே காரணங்களை இங்கே எழுதுகிறேன். இதில் நான் செய்த பிழை ஒன்றும் அடங்கியிருக்கிறது. அதையும் சொல்லிவிடுவதே முறை.

நிப்பிள் என்பது என்னவென்று அறியாதவர்களுக்காக முதலில் சில வரிகள். நம் ஊர் மாட்டுவண்டிச் சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். நடுவில் குடம், அதிலிருந்து விரியும் ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வட்டை. மிதிவண்டியிலும் இம்மூன்றும் உண்டு. குடத்தை ஹப் என்கிறோம், ஆரக்காலை ஸ்போக்ஸ் கம்பி என்கிறோம், வட்டையை ரிம் என்கிறோம். ஆனால் வேலை செய்யும் முறை நேர் எதிரானது. மாட்டுவண்டியில் பாரம் கீழே நிற்கும் மரக்காலின்மேல் இறங்குகிறது. மிதிவண்டியில் இரண்டு மில்லிமீட்டர் பருமனே உள்ள கம்பி அப்படி நின்று பாரம் தாங்காது, வளைந்துவிடும். எனவே எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே இழுத்து முறுக்கி வைக்கிறார்கள். ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கும் அந்த இழுவிசையே சக்கரத்தைச் சக்கரமாக வைத்திருக்கிறது. 1870ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மனும் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஏரியல் என்னும் வண்டியில் இவ்வாறு முறுக்கப்பட்ட கம்பிச் சக்கரம் இருந்தது. கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து செல்லும் இன்றைய அமைப்புக்கு ஸ்டார்லி 1874இல் காப்புரிமை பெற்றார்.

அந்த இழுவிசையைக் கொடுப்பதும் காப்பதும் ரிம்மின் துளைவழியே வந்து கம்பியின் நுனியிலுள்ள மரையில் திருகப்படும் ஒரு சிறு துண்டு. அதுவே நிப்பிள். மாட்டுவண்டியில் இதற்கு இணையான உறுப்பே இல்லை. நீளம் ஒன்றேகால் சென்டிமீட்டருக்கும் குறைவு. பின்சக்கரத்தின் சங்கிலிப் பக்கத்தில் ஒவ்வொரு நிப்பிளும் ஏறத்தாழ 100 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்கு ஒப்பான இழுப்பைத் தாங்குகிறது. ஒரு சக்கரத்தின் 32 கம்பிகளையும் கூட்டினால் இரண்டு டன்னைத் தாண்டும். வண்டி ஓடும்போது தரையைத் தொடும் இடத்திலுள்ள கம்பிகள் சற்றே தளர்ந்து, மேலே போனதும் மீண்டும் இறுகுகின்றன. 26 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 480 முறை சுற்றும். இருபது கிலோமீட்டர் உலாவில் ஒவ்வொரு நிப்பிளும் ஒன்பதாயிரம் முறைக்குமேல் தளர்ந்து இறுகுகிறது. பிள்ளைகளுக்கு இதை ஒரு பெருக்கல் கணக்காகவே கொடுக்கலாம்.

இனி என் கதை.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகளுக்காக ஒரு சோடிச் சக்கரம் கட்டுவித்தேன். அலுமினிய ரிம், துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, சிவப்பு நிற அலுமினிய நிப்பிள்கள். நிறத்தை அவள் தேர்ந்தெடுத்தாள். உலோகத்தைத் தேர்ந்தெடுத்தது நான். எடை குறைந்தால் பிள்ளை எளிதாக மிதிப்பாள் என்று அவளிடமே பெருமையாகச் சொன்னேன். வீட்டிற்கு வந்த என் அப்பா சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். நகத்தால் ஒரு நிப்பிளைச் சுரண்டினார். "இது பித்தளை இல்லையேம்மா" என்றார். "இப்போதெல்லாம் இதுதான் அப்பா" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போய்விட்டேன்.

நாங்கள் இருப்பது தஞ்சோங் பகார். பள்ளி விடுமுறை நாள்களில் இங்கிருந்து மரினா அணைக்கட்டு வழியாகக் கிழக்குக் கடற்கரைப் பூங்காவரை சென்று திரும்புவோம். அந்தப் பாதையின் அழகே கடல்தான். அந்தக் கடற்காற்றின் உப்பு சக்கரத்தில் படியும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. திரும்பி வந்ததும் வண்டியை அப்படியே தாழ்வாரத்தில் சாய்த்துவிடுவோம்.

ஓராண்டு கழிந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திரும்பும் வழியில் "டிங்" என்று ஏதோ தெறித்தாற்போன்ற ஒலி கேட்டதாக மகள் சொன்னாள். நின்று பார்த்தேன், ஒன்றும் புலப்படவில்லை, போகலாம் என்றேன். ஐந்து நிமிடத்தில் இரண்டாவது ஒலி. அடுத்த வளைவில் அவள் பிரேக் பிடித்தபோது முன்சக்கரம் கோணிக்கொண்டு பிரேக் கட்டையில் இறுகி நின்றது. அவள் பக்கவாட்டில் விழுந்தாள். விழுந்த பக்கம் புல்தரை. முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. மறுபக்கம் வண்டிகள் ஓடும் சாலை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. முதல் ஒலி கேட்டபோது போகலாம் என்றவள் நான்தானே.

மறுநாள் அப்பா வந்து டயரைக் கழற்றினார். மூன்று நிப்பிள்களின் தலைகள் ரிம்முக்குள் உதிர்ந்து கிடந்தன. மற்றவற்றின் மரையோரத்தில் சுண்ணாம்புத் தூளைப் போல வெண்மையாகப் பூத்திருந்தது. சாவி வைத்துத் திருகினால் சில அசையவே இல்லை; சிலவற்றின் சதுர முனை மழுங்கிச் சாவி வழுக்கியது; இன்னும் இரண்டு, திருகும்போதே முறிந்தன.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 1972 ஜூன் மாதம் தஞ்சோங் பகார் முனையத்திற்கு முதல் கொள்கலன் கப்பல் வந்தபோது அவருக்கு இருபத்துநான்கு வயது. கப்பல் பழுதுபார்க்கும் தோழர்கள் அவருக்குப் பலர். 1864இல் தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் தொடங்கப்பட்ட காலம்தொட்டு இந்தக் கரை, உப்புநீரோடு உலோகம் படும் பாட்டைப் பார்த்துவந்த கரை அல்லவா? அவர் சொன்ன விளக்கத்தை எந்தப் பாடநூலிலும் நான் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை.

"கப்பலுக்கு அடியிலே துத்தநாகக் கட்டி பூட்டுவாங்க. கட்டி கரையும், கப்பல் கரையாது. நீ நிப்பிளையே கட்டியா வச்சிட்டியேம்மா."

இதன் அறிவியலைச் சற்று விரித்துச் சொல்கிறேன். இருவேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டிருக்க, அவற்றின் இடையே உப்புநீரும் சேர்ந்தால் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. இரண்டில் எளிதில் வினைபுரியும் உலோகம் தன்னை இழந்து மற்றொன்றைக் காக்கிறது. இவ்வுண்மையைப் பயன்படுத்தி, கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்கலாம் என்று ஹம்ப்ரி டேவி 1824இல் காட்டினார். அந்த வழியில் வந்ததுதான் அப்பா சொன்ன துத்தநாகக் கட்டி. அலுமினியத்தையும் துருப்பிடிக்காத எஃகையும் சேர்த்து வைத்தால், கரைந்து அழிவது அலுமினியமே. நிப்பிளின் உடலும் மரையும் மிகச் சிறியவை. எஃகுக் கம்பியோ அதைவிடப் பல மடங்கு நீண்டது. சிறியது கரைந்து பெரியதைக் காக்க வேண்டியிருப்பதால் அரிப்பு விரைவாகிறது. ரிம் கார்பன் இழையால் ஆனது என்றால் நிலைமை இன்னும் மோசம். கார்பனும் எஃகைப் போலவே அலுமினியத்தை அரிக்க வைக்கும்.

பித்தளை, அதாவது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம், இந்த வரிசையில் துருப்பிடிக்காத எஃகுக்கு அருகிலேயே நிற்கிறது. ஆகவே அவற்றினிடையே இந்தப் பூசல் மிகக் குறைவு. அப்படியானால் பித்தளை நிப்பிள் அலுமினிய ரிம்மை அரிக்காதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அங்கே கரைய வேண்டியது பெரிய ரிம். தூண்டுவது சிறிய நிப்பிள். இழப்பு பரந்த இடத்தில் பகிரப்படுவதால் அது மிக மெதுவாகவே நடக்கும்.

இரண்டாவது காரணம் மரை. எஃகு மரையின்மேல் பித்தளை வழுக்கிச் சுழலும், அலுமினியம் பிடித்துக்கொள்ளும். சக்கரத்தில் கோட்டம் எடுப்பவருக்கு இது பெரிய வேறுபாடு. கால் திருகு திருக வேண்டிய இடத்தில் நிப்பிள் பிடித்துக்கொண்டால், கம்பியே முறுக்கிக்கொள்ளும். திருகிவிட்டோம் என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். வண்டி ஓடத் தொடங்கியதும் கம்பி தன் முறுக்கை அவிழ்க்கும். கோட்டம் திரும்ப வந்துவிடும்.

மூன்றாவது காரணம் நிப்பிளின் தலை. கம்பி சற்றுக் குட்டையாக வெட்டப்பட்டிருந்தால் அதன் நுனி நிப்பிளின் கழுத்தோடு நின்றுவிடும். அப்போது முழு இழுப்பையும் தாங்குவது உள்ளீடற்ற தலைப்பகுதி மட்டுமே. பித்தளை இந்தப் பிழையைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். அலுமினியம் பொறுக்காது, தலை முறியும். மகளின் சக்கரத்தில் முறிந்த மூன்று கம்பிகளும் குட்டையானவையாகவே இருந்தன. உப்பும் குறையான அளவும் சேர்ந்தே அவளைக் கீழே தள்ளின.

இதற்கெல்லாம் ஈடாக நாங்கள் பெற்றது என்ன? சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். பித்தளை நிப்பிள் ஒன்று ஏறத்தாழ ஒரு கிராம். அலுமினியம் அதில் மூன்றில் ஒரு பங்கு. இரு சக்கரங்களுக்கும் 64 நிப்பிள்கள். மிச்சம் நாற்பது கிராமும் கொஞ்சமும். ஒரு கோழிமுட்டையின் எடைகூட இல்லை. சக்கரத்தின் ஓரத்தில் இருக்கும் எடை வேகமெடுக்கும்போது இரு மடங்காகக் கணக்காகும் என்பார்கள். உண்மைதான். இரு மடங்காக்குங்கள், எண்பத்தாறு கிராம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையும் வண்டியுமாக ஐம்பது கிலோ இருக்கும்போது அது நூற்றில் ஒரு பங்கின் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது. பிள்ளை கொண்டுபோகும் அரை லிட்டர்த் தண்ணீர்ப் போத்தல் அதைவிடப் பல மடங்கு கனமானது.

மறுதரப்பையும் சொல்ல வேண்டும். அலுமினிய நிப்பிள் தீயது என்று நான் சொல்லவில்லை. பந்தயத்திற்காகக் கட்டப்படும் சக்கரத்தில், கம்பியின் நீளம் மிகச் சரியாக அளக்கப்பட்டு, மரைக்கு எண்ணெயிட்டு, வறண்ட ஊரில் ஓட்டி, ஆண்டுதோறும் பிரித்துப் பார்ப்பவரிடம் அது பல்லாண்டு உழைக்கும். வாரந்தோறும் வண்டியைத் துடைப்பவர்களுக்கு இங்கும் உழைக்கலாம். ஆனால் நம் ஊர் எப்படிப்பட்டது? சாங்கி வானிலை நிலையத்தின் 1991 முதல் 2020 வரையிலான கணக்குப்படி ஆண்டுக்குச் சராசரியாக 2,113 மில்லிமீட்டர் மழை, 171 மழைநாள். காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்குமேல். போதாதென்று சுற்றிலும் கடல். வீட்டுப்பாடமே மூன்று முறை நினைவூட்டினால்தான் நடக்கும் வயதில், வண்டியைத் துடைப்பது எந்தப் பிள்ளைக்கு நினைவிருக்கும்? பராமரிக்க மறப்பவருக்கு ஏற்ற பொருளையே நாம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் வாதம்.

பித்தளைக்கும் பகை உண்டு. இந்தியாவில் பிரிட்டிஷ் படையினர் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே வெடிப்புவிட்டன. பருவமழையோடு வந்த வெடிப்பு என்பதால் பருவ வெடிப்பு என்றே அதற்குப் பெயர் வந்தது. காரணம் 1921இல்தான் விளக்கப்பட்டது: குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா, உருவாக்கும்போதே உறையில் தங்கிவிட்ட இழுவிசையோடு சேர்ந்து பித்தளையைப் பிளந்திருக்கிறது. நிப்பிளும் எப்போதும் இழுவிசையில் இருக்கும் பித்தளைதான். எனவே அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தைச் சக்கரத்தில் தெளிக்காதீர்கள். வெறும் தண்ணீரும் துணியும் போதும்.

எஃகு நிப்பிளும் உண்டு, அது துருப்பிடிக்கும். டைட்டானியமும் உண்டு, அதன் விலை பிள்ளையின் வண்டிக்குப் பொருந்தாது. வெள்ளி நிறமாகத் தெரிவதால் பித்தளை இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். பெரும்பாலான பித்தளை நிப்பிள்களுக்கு நிக்கல் முலாம் பூசியிருப்பார்கள். கறுப்பு நிறத்திலும் கிடைக்கும். காந்தம் ஒட்டினால் அது எஃகு. கையில் ஒரு பிடி எடுத்தாலே பித்தளையின் கனம் தெரிந்துவிடும்.

பெற்றோருக்கு என் வேண்டுகோள்கள் சில. சக்கரம் கட்டும்போது பித்தளை நிப்பிளே வேண்டும் என்று சொல்லுங்கள். கம்பியின் நுனி நிப்பிளின் தலைவரை எட்டுகிறதா என்று டயர் போடுவதற்குமுன் காட்டச் சொல்லுங்கள். கடற்கரைக்குச் சென்று வந்த நாளில் சக்கரத்தை நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள். மாதம் ஒருமுறை கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து விரல்களால் அழுத்திப் பாருங்கள். ஒன்று மட்டும் தளர்ந்திருந்தால் கடைக்குக் கொண்டு செல்லுங்கள். ஏற்கெனவே அலுமினிய நிப்பிள் இருந்தால் மரையோரத்தில் வெண்தூள் பூத்திருக்கிறதா என்று கவனியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏதோ தெறித்த ஒலி கேட்டது என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள். இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேருங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. மகளின் சக்கரங்களை எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் தாத்தாவும் பேத்தியும் மீண்டும் கட்டினார்கள். நான் நூல் கோக்கும் பிள்ளையைப் போலக் கம்பிகளை எடுத்துக் கொடுத்தேன். 32 கம்பிகளை இரு பக்கத்துக்கும் பதினாறாகப் பிரித்து, ஒவ்வொரு பதினாறையும் எட்டு எட்டாகப் பிரித்து, ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பிகளைக் கடக்குமாறு பின்னினார்கள். 28, 32, 36 எனக் கம்பிகளின் எண்ணிக்கை பெரும்பாலும் நான்கால் வகுபடுவது ஏன் என்று அவளே கண்டுபிடித்தாள். மரை அங்குலத்திற்கு 56 சுற்று என்றால், ஒரு முழுத் திருகுக்கு நிப்பிள் எவ்வளவு நகரும் என்று கேட்டேன். 0.45 மில்லிமீட்டர் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினாள். கால் திருகுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. பின்னங்கள் எதற்கு என்று அதன்பின் அவள் என்னிடம் கேட்டதில்லை. பயிற்சித்தாள்களை நாம் குவிக்கும் நாள்களில் ஒரே ஒரு நாளை இப்படிப்பட்ட ஒரு சக்கரத்துக்கு ஒதுக்கலாம் என்றே எண்ணுகிறேன்.

அப்பாவின் பழைய ராலே வண்டி இன்னும் அவர் வீட்டில் இருக்கிறது. முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40, ஆக 72 நிப்பிள்கள். அந்த வண்டியில்தான் அவர் துறைமுக வாயிலுக்கு வேலைக்குப் போய் வந்தார். எஃகு ரிம்கள் துருப்பிடித்துவிட்டன. முலாம் போய் மஞ்சள் தெரியும் நிப்பிள்களோ, ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் திரும்பின. அதை நான் என் கையாலேயே திருகிப் பார்த்தேன்.

மகளுக்குச் சிவப்பு நிறத்தின்மீதுள்ள ஆசை மட்டும் போகவில்லை. காற்றடைக்கும் வால்வின் மூடிகள் சிவப்பில் கிடைக்கின்றன, மணியும் கிடைக்கிறது. இரண்டையும் வாங்கிக் கொடுத்தேன். உடைந்தாலும் அவளைக் கீழே தள்ளாத இடங்களில் எந்த நிறம் இருந்தால் என்ன? அந்த மாணவனின் தாயாரிடமும் இதையே சொல்லலாம் என்று இருக்கிறேன்.